போகிற வீட்டைத் துரத்தக் கூடாது

"வீடு திரும்பி வர்ற வரைக்கும் கடையிலேயே உக்காந்திருந்தேன்னு கொஞ்சங்கூட கூசாம சொல்றியே, நாலு எட்டு நடந்து வந்து ஏறிக்கிட்டா என்ன, காலு தேஞ்சா போயிடும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஓர் எழுத்துக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, கேட்டதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். சந்தானம் என்பது அவர் பெயர், இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நொறுங்கின கார்களைப் பார்த்து யார் மேல் தப்பு என்று முப்பத்திரண்டு வருஷம் எழுதிக்கொடுத்த பழக்கத்தில், வீட்டுக்குள்ளும் எது நடந்தாலும் முதலில் யார் மேல் தப்பு என்றுதான் பார்ப்பார்.

"போற வீட்டைத் துரத்தக் கூடாதுங்க," என்றேன்.

"எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"எங்க சாஸ்திரத்துல."

"எப்ப எழுதினது?"

"போன மாசம்."

அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டில் ஒன்றும் இல்லாததற்கு நான்தான் காரணம் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஜீவரத்தினம் காலனி பெசன்ட் நகரில், கடலுக்கு மூன்று தெரு இந்தப் பக்கம் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக இருக்கும். நடுவில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு வீடு, வாசல்களெல்லாம் தொட்டியைப் பார்த்து, சமையலறைகளும் பின்கதவுகளும் வெளிப்பக்கம் பார்த்து. வெளியே சுற்றிவரப் பதினாறடிச் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பழைய பங்களாக்கள். தீபாவளி கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில் இந்தப் பன்னிரண்டு வீடும் தொட்டியும் தோட்டமும் ஒரே தட்டாகச் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தன. சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது, கடிகாரத்துப் பெரிய முள் நகருவது தெரிகிறதா, அந்த மாதிரி. வெங்காயம் நறுக்கிவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு எதிரே இருந்த மாமரம் கால்வாசி காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முழுச் சுற்று, நிமிஷம் பிசகாது. ஏன் சுற்றியது, எது சுற்றவைத்தது என்று கேட்கிறவர்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு அன்றைக்குப் பால் வரவேண்டியிருந்தது.

பால்காரர் முதல் நாள் ஆறாம் வீட்டுப் பாலை எட்டாம் வீட்டில் போட்டார், இரண்டாம் நாள் சாலையோரத்தில் சைக்கிளை நிறுத்திக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, எதிரே வந்த வீட்டுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நீட்டினார், மூன்றாம் நாள் மற்ற காலனிகள் ஏன் சும்மா நிற்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். சாக்கடைக் குழாய் எப்படி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறது என்று பார்க்க ஓர் இன்ஜினியர் வந்தார், ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் வீட்டு நஸ்ரீன், தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைக் கேட்டுவரச் சொன்னதற்கு, ரயிலில் போகிறவர்கள் எப்படித் தொழுவார்களோ அப்படித்தான் என்று பதில் வந்துவிட்டது, விஷயம் அதோடு தீர்ந்தது. குத்துவிளக்குக் கிழக்குப் பார்த்து எரியவேண்டும் என்கிறவர்கள் கால் மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய் விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். கிழக்குப் பார்த்த வாசலுக்கென்று மனை வாங்கும்போதே கூடக் கொட்டிக் கொடுத்தவர்கள்தான் பாவம், வாடகைக்கு இருக்கிறவன் வாசலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கிழக்குப் பார்க்கிறதே என்று வயிறு எரிந்தார்கள்.

எனக்கு நடந்தது வேறு. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருபத்தாறு வருஷமாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் இருந்தது, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டேதான் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, பள்ளிக்கூடம், காலேஜ், வெளிநாடு என்று அனுப்பிவைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி ஓர் ஓரமாக நகர்ந்து, நகர்ந்து, போயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மதில், மதிலுக்குப் பிறகு ஒரு பாதாம் மரம், மரத்துக்குப் பிறகு பெரிய கண்ணாடிக் கதவு, கதவுக்குள்ளே சுவர் சுவராக, அடுக்கு அடுக்காக, சதுரம் சதுரமாக இசைத்தட்டுகள்.

ரெக்கார்டுக் கடைகள் எங்கள் சாலையில் வந்து மூன்று வருஷமாகிறது என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் அவற்றைத் திட்டுகிற தீர்மானத்தை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். பங்களாக்காரர்களின் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்துகொண்டே கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டார்கள், தாடி வைத்தவர்களும் துணிப்பை மாட்டினவர்களும் வந்து நாலு கடை போட்டுவிட்டார்கள், சனி ஞாயிறானால் பைக் நிறுத்த இடமில்லை, காபி முந்நூறு ரூபாய். ஆனால் நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை, பதினாறடிச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்கு எனக்கு எந்தக் காரியமும் இருந்ததில்லை, காரியமில்லாமல் எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போவதில்லை.

இப்போது கடைகள் என்னிடம் வந்தன. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை போட்டுக்கொண்டு, ஒன்று போனால் ஒன்றாக, என் ஜன்னலுக்கு வந்தன. முதலில் வருவது 'பக்கம் பி'. முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, கடைக்காரர் ஒவ்வொரு தட்டையும் எடுத்து விளிம்பைக் கையில் தாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது, நான் அரிசியில் கல் பார்ப்பதைவிடப் பொறுமையாக இருக்கும். அடுத்தது 'கீறல்', அங்கே கல்யாண வீட்டு பாண்டு வாத்தியம், கோயில் கொட்டு, தெருக்கூத்து என்று ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தவை. கோழிப்பண்ணை வைப்பது எப்படி என்று ஒரு மனுஷன் நாற்பது நிமிஷம் பேசுகிற ரெக்கார்டுகூட இருந்தது, நான் அதில் கால் மணி நேரம் கேட்டேன், தீவனம் வரைக்கும் தெரியும். மூன்றாவதுக்குப் பெயரே கிடையாது, சிவப்புக் கதவு மட்டும், உள்ளே எப்போதும் யாராவது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். நாலாவது, ஜெனரேட்டருக்கு முன்னால் வருவது, 'தூசி'. நான் கல்யாணமான நாளிலிருந்து துடைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பதற்கு இவர்கள் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று முதல் நாள் வாய்விட்டே சொன்னேன். ஜன்னலுக்கு நேராக இருந்த கடைக்காரிக்குக் கேட்டுவிட்டது.

"நீங்க துடைச்சதுல ரெண்டு மூட்டை குடுங்க மேடம், வித்துத் தரேன்," என்றாள்.

தேன்மொழி என்று பெயர், பேசினால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். நாற்பது வயசிருக்கும், தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தவள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று, ஏனென்றால் என் வாய்க்குச் சரிக்குச் சரி பதில் சொல்கிறவர்கள் என் கான்வென்ட் தோழிகளுக்குப் பிறகு யாரும் அமையவில்லை.

அவள் காலையில் கடை திறந்ததும் போடுவது ஒரே ரெக்கார்டு. பினாங்கில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பதிவானது, தமிழ்ப் பாட்டு, பாடுகிறவள் பெயர் உறையிலும் இல்லை தட்டிலும் இல்லை, கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு ஒரு பெண் துறைமுகத்துக் காற்றில் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். பத்து மணி இருபது நிமிஷத்துக்கு 'தூசி' என் ஜன்னலுக்கு நேராக வரும், ஐந்து பாட்டுள்ள பக்கம், இருபத்திரண்டு நிமிஷம் ஓடும், எனக்கோ கால் மணி நேரம். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு, நாலாம் பாட்டில் அவள் மூச்சை இழுக்கும்போது மதில் வந்துவிடும், மதிலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வந்துவிடும், டட் டட் டட் என்று அது தன் பாட்டைப் பாடும். ஏழு நாள் இப்படி. என்னைப் பற்றிக் கான்வென்ட்டில் சிஸ்டர் அலோய்ஷியா ரிப்போர்ட் கார்டில் எழுதினது, இந்தப் பெண்ணுக்கு எதையும் கடைசிவரை கேட்கிற பொறுமை இல்லை என்று. பொறுமை இல்லை என்பது சரிதான் சிஸ்டர், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எதையும் கடைசிவரை கேட்க விட்டார்களா என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். காலிங்பெல், போன், குக்கர், பிரமி பிரமி என்று என்னைக் கூப்பிடுகிற குரல்.

எட்டாம் நாள் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "அம்மா தேன்மொழி, முள்ளைத் தூக்கிக் கடைசிப் பாட்டுல வையேன், கேட்டுட்டுப் போறேன்."

"அப்படில்லாம் தாண்டித் தாண்டி வெக்க மாட்டேன். முழுசா கேக்கணும்னா எறங்கி வாங்க."

"வீடு போயிடுமே."

"போனா வராதா?"

இதற்குள் எஸ்தர் விஷயம் நடந்திருந்தது, அதைச் சொல்லாவிட்டால் புரியாது. நாலாம் வீட்டு எஸ்தர் மூன்றாம் நாளே கீரைக்காரம்மாவிடம் பேரம் பேச இறங்கினாள், இருபது நிமிஷம் பேசி இரண்டு ரூபாய் குறைத்துவிட்டுத் திரும்பினால், பின்கதவு இருந்த இடத்தில் அடுத்த வீட்டுக் குளியலறை நின்றது. கையில் கீரையோடு அவள் ஓடினாள், அதுவும் வீடு போன பக்கம் ஓடாமல் எதிர்ப்பக்கம் ஓடினாள், முந்நூறு ரூபாய் காபிக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எஸ்தர், போற வீட்டைத் துரத்தாதே, தானா வரும், எங்கேயாவது உக்காரு," என்றேன். அவள் 'கீறல்' கடை வாசலில் நாற்காலி இருந்ததால் அங்கே உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் கழித்து வீடு வந்ததும் ஏறினாள், ஏறும்போது கீரை வாடியிருந்தது, அவள் முகம் அப்படியில்லை. மறுநாள் நஸ்ரீன் இறங்கினாள். அதற்கு மறுநாள் செகரட்டரி சாரின் மனைவி கோமதி அக்காவே இறங்கி, போகிற வீட்டைத் துரத்தினால் வீட்டிலிருக்கிற லட்சுமி ஆள் வருகிறதே என்று இன்னும் வேகமாகப் போய்விடுவாள் என்று ஒரு காரணமும் சொன்னாள், எங்கே கேட்டாளோ, கும்பகோணத்தில் அவள் சித்தப்பா சொன்னதாம். ஒரே வாரத்தில் அது பழக்கமாயிற்று, இரண்டாம் வாரத்தில் வழக்கமாயிற்று, மூன்றாம் வாரத்தில் அதை மீறினால் என்ன ஆகும் என்று நாங்களே எங்களுக்குள் பயந்துகொண்டோம்.

ஆகவே நான் அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்தேன், பின்கதவைத் திறந்தேன். படியிலிருந்து காலைச் சாலையில் வைத்தபோது படி என் குதிகாலுக்குக் கீழே விரற்கடை நகர்ந்தது. பதினாறடிதான். இருபத்தாறு வருஷத்தில் ஜெருசலேம் போய்வந்தவர்கள் எங்கள் காலனியில் இருக்கிறார்கள், பத்ரிநாத் போனவர்கள் இருக்கிறார்கள், இந்தப் பதினாறடியை நான் தாண்டினபோது எனக்கு அடித்துக்கொண்ட மாதிரி அவர்களில் ஒருவருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காது.

தேன்மொழி முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்தாள். நாலாம் பாட்டில் அந்தப் பெண் மூச்சை இழுத்தாள், நான் மதில் வரப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன், மதில் வரவில்லை, பாட்டு வந்தது. ஐந்தாம் பாட்டில் அவள் இரண்டாம் அடியைத் தப்பாக எடுத்துவிட்டு, அட என்று சிரித்து, சிரிப்பு அடங்காமலே சரியான அடிக்குத் தாவிப் போனாள், வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், ஐம்பது வருஷமாக அவள் தப்பு செய்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு சத்தம் ஓய்ந்தது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தேன், என் வீடு போய்விட்டிருந்தது, என் வீடு இருந்த இடத்தில் ஏழாம் வீட்டுத் துணிக்கொடி வந்து நின்றது, அதில் ஏழாம் வீட்டுக்காரரின் பனியன். இனி ஒன்றே காலுக்கு மேல்தான் என்னால் வீட்டுக்குப் போக முடியும், அதற்கு நான் என்ன செய்ய முடியும், சட்டம் அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, தேன்மொழி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் கார்த்திகை மாசத்தைப்போல ஒரு மாசத்தை நான் பார்த்ததில்லை. தினம் பத்து இருபதுக்கு இறங்கினேன், ஒரு நாள் 'தூசி'யிலேயே உட்கார்ந்தேன், ஒரு நாள் சாலையோடு நடந்து நாலு கடையும் ஏறி இறங்கினேன், பெட்டிகளில் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி உறைகளைப் பார்த்தேன், பார்த்துப் பார்த்து என் ஆள்காட்டி விரல் நுனி கறுத்துப்போயிற்று. அந்த அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. பெயரில்லாத கடையில் கண்ணை மூடி நிற்கிறவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று நானும் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், போய் நின்று பாருங்கள். ஒரு தட்டில் கரகரவென்று இரைச்சல் வந்ததற்கு அந்தக் கடைக்காரர் ஏதோ வெளிநாட்டுத் திரவம் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் பொறுக்கமாட்டாமல் வாங்கி, சுத்தமான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையை வடிகட்டிச் சேர்த்து, பழைய மல் வேட்டித் துணியால் வரிவரியாக ஒற்றிக் காயவைத்துக் கொடுத்தேன், அதற்குப் பிறகு நாலு கடைக்காரர்களும் எனக்கு எழுந்து நாற்காலி போட்டார்கள். எஸ்தர் 'கீறல்' கடையில் பாண்டு வாத்தியம் கேட்டுக் காலால் தாளம் போட்டாள். நஸ்ரீன் கோழிப்பண்ணை ரெக்கார்டை முழுசாகக் கேட்டுவிட்டு, மொட்டை மாடியில் ஆறு கோழி வளர்க்கலாமா என்று யோசனை செய்தாள். கோமதி அக்கா எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, இதில் எது நீளம் என்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய 'பக்கம் பி'யில் ஒரு பியானோவுக்கு நான் கட்டுண்டு உட்கார, ஒன்று இருபதுக்கு என் வீடு 'தூசி'க்கு நேராக வந்து, காத்திருந்து, என்னை ஏற்றாமலே போய்விட்டது. அடுத்த சுற்றில்தான் ஏறினேன், மணி நாலு இருபது. சந்தானம் காலித் தட்டோடு நின்றது அப்போதுதான், காலு தேஞ்சா போயிடும் என்று கேட்டது அப்போதுதான். அந்தச் சூட்டோடு செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றாம் வீட்டுக்கு, செகரட்டரி இரத்தினசபாபதி சாரிடம் போனார்.

இரத்தினசபாபதி சார் சார்பதிவாளராக இருந்தவர், ஊரிலிருக்கிற நிலத்துக்கெல்லாம் வடக்கே இது, தெற்கே இது, கிழக்கே இது, மேற்கே இது என்று நான்கெல்லை எழுதின பத்திரங்களைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கண்ணாடி தடித்தவர். அவர் வீட்டின் நான்கெல்லையே இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டிருந்தது, மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, எனக்கு ரெக்கார்டு எப்படியோ அவருக்குப் பத்திரம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கடியில் கூட்டம் போட்டார்.

"வட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு. அதுல சுத்திவரக் கான்கிரீட் போட்டு இறுக்கிட்டா நின்னுடும். பத்திரத்துல இருக்கற மாதிரியே அவங்கவங்க வீடு அவங்கவங்க இடத்துல வர்றப்ப நிறுத்தணும். அவ்வளவுதான் விஷயம்."

"எங்களுக்கு அதனால மூணு மணி நேரம் போயிடும் சார்," என்றேன்.

"என்ன மூணு மணி நேரம்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

நான் சொல்ல வாயெடுத்தேன், பன்னிரண்டு ஆண்கள் பார்த்தார்கள், அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை, இங்கிலீஷிலும் கிடைக்கவில்லை. பத்திரத்தில் பெயர் இருக்கிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றார் செகரட்டரி. எங்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, கேஸ் புத்தகத்தில் இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. பன்னிரண்டு கை உயர்ந்தது. கோமதி அக்கா மட்டும் தலைமுடியைச் சரிசெய்கிற சாக்கில் தன் கையையும் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன், "உங்க கை ஏன் மேல போச்சு?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நீ பார்த்தேன்னுதான் பாதியில இறக்க முடியல," என்றார் சந்தானம், சொல்லிவிட்டு அவருக்கே அது சரியாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மார்கழி பிறந்தால் காரியம் எதுவும் தொடங்கக் கூடாது, அதனால் கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை. வீடுகள் பத்திரப்படி தங்கள் இடத்துக்கு வருவது காலை ஏழு ஐம்பதுக்கு, பிறகு பத்து ஐம்பதுக்கு, பிறகு பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு. வெள்ளிக்கிழமை ஏழு ஐம்பது என்றால் குளிகை, குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும், அப்புறம் வாழ்நாள் பூராவும் கான்கிரீட் போட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பத்து ஐம்பது என்றால் ராகுகாலம். பிற்பகலில் மேஸ்திரி ஏழுமலைக்குத் திருவான்மியூரில் வேறு தளம் போடுகிற வேலை. காலண்டரைக் கிழிக்காத குறையாகப் பார்த்து, நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால், அதற்குள் போட்டுவிடலாம், இறுகுவதற்கு அரை மணி ஆகுமல்லவா, அதற்குள் வீடுகள் தாமாக நகர்ந்து இடத்துக்கு வந்து கச்சிதமாக நின்றுவிடும் என்று இரத்தினசபாபதி சார் கணக்குச் சொன்னார், ஓய்வுபெற்ற ஆண்கள் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். நகருகிற தட்டில் ஈரக் கலவை நிற்காதே, கிழிந்துபோகுமே என்று மேஸ்திரி கேட்டதற்கு, அது உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சமையலைச் செய்யாமல் ஒன்பதரைக்கு நான் புறப்பட்டேன். வீட்டைத் துரத்தக் கூடாது என்றுதான் சட்டம், வீட்டுக்கு முந்திப் போகக் கூடாது என்று ஒன்றும் இல்லை. சாலையில் இறங்கினால் எஸ்தர் வந்துகொண்டிருந்தாள், நஸ்ரீன் வந்துகொண்டிருந்தாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோமதி அக்கா வந்துகொண்டிருந்தாள். சாலை முழுக்க ஜல்லியும் மணலும் சட்டியுமாக ஆட்கள், ஏழுமலை ஏதோ பவுடர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் 'தூசி'க்குள் போய் வரிசையாக உட்கார்ந்தோம். கடைசித் தடவை என்று யாரும் சொல்லவில்லை. தேன்மொழி யாரையும் கேட்காமல் அடுக்கின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள், இரண்டு தட்டு உள்ள உறை, நாலு பக்கம், ஏதோ பனி விழுகிற தேசத்துக்காரர்கள் வாசித்தது. கோமதி அக்கா, "நீளந்தானே?" என்று கேட்டுக்கொண்டாள்.

முதல் பக்கம் ஓடியது, இரண்டாம் பக்கம் ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீடுகள் ஒவ்வொன்றாக வந்து போயின, ஒவ்வொன்றின் பின்கதவும் வரும்போது அந்த வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள், போனதும் திரும்பிக்கொண்டாள். பத்து இருபதுக்கு என் சமையலறை வந்தது. ஜன்னலில் நான் காயப்போட்ட கரித்துணி, உள்ளே ஆணியில் மாட்டின ஜல்லடை. இனி அது நகர்ந்துபோய் ஜெனரேட்டருக்கு முன்னால் நின்றுவிடும், நான் போய் உள்ளே நின்றுகொள்வேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். பாத்திரங்கள் ஒரு தரம் சிணுங்கின. கரித்துணி அசைந்து நின்றது. நகரவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தேன், பத்து நிமிஷம் பார்த்தேன், ஜன்னல் கதவின் விளிம்பும் எங்கள் கண்ணாடிக் கதவின் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன.

வெளியே கூச்சல் கிளம்பிற்று. இரத்தினசபாபதி சார் ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் பத்திரமுமாக ஓடினார். பன்னிரண்டு வீடும் இரண்டு வீடு தள்ளி நின்றுவிட்டிருந்தன, கிழக்குப் பார்த்த அவர் வாசல் அக்னி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, எஸ்தர் சமையலறைக்கு எதிரே டிரான்ஸ்பார்மர்.

"என்னய்யா இது, அரை மணி ஆகும்னு சொன்னேனே."

"ஓடுற சக்கரத்துல எப்படி சார் பூசறது, சட்டுனு இறுகற பவுடர் போட்டேன்," என்றான் ஏழுமலை. "நல்ல நேரத்துல போடச் சொன்னீங்க, நல்ல நேரத்தோடயே நின்னுடுச்சு."

உடைத்துத் திரும்பப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள், மார்கழி பிறக்கிறதே, தை பிறக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள், ராகுகாலம் தொடங்கிவிட்டது, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்று கலைந்தார்கள்.

கடைக்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் வீடு பதினாறடியில், வாயைத் திறந்துகொண்டு, எங்கேயும் போகாமல் நிற்கிறது. போகாத வீட்டை எப்படித் துரத்துவது, வராத வீட்டுக்கு எப்படிக் காத்திருப்பது, நாங்கள் எழுதின சாஸ்திரத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. எழுந்து போகலாம். போகாமல் உட்கார்ந்தால், உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், வேறு எதையும் சொல்லிக்கொள்ள முடியாது. நஸ்ரீன் மணியைப் பார்த்தாள். எஸ்தர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோமதி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தே விட்டாள், கால் செருப்பைத் தேடியது. நானும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன்.

தேன்மொழி இதையெல்லாம் கவனிக்காதவள் மாதிரி இரண்டாவது தட்டை உறையிலிருந்து உருவி, ஊதி, வைத்து, முள்ளை இறக்கினாள்.

"இது எத்தனாவது பக்கம்?" என்றாள் கோமதி அக்கா, நின்றபடியே.

"மூணாவது."

"இன்னும் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

கோமதி அக்கா பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எஸ்தர் பையைத் தரையில் வைத்தாள். நான் பின்னால் நகர்ந்து முதுகை நாற்காலியில் சாய்த்தேன். பனி தேசத்துக்காரர்கள் மெதுவாக ஆரம்பித்தார்கள், முதலில் ஒரே ஒரு வயலின், பிறகு இன்னொன்று, பிறகு எத்தனை என்று எண்ண முடியாதபடி.

சந்தானம் சமையலறை ஜன்னலுக்கு வந்தார். அந்த ஜன்னலில் அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததும் இல்லை, உள்ளேயிருந்து பார்த்ததும் இல்லை. என் ஏப்ரனைக் கட்டியிருந்தார், முடிச்சை முன்பக்கமே போட்டிருந்தார். எங்களைப் பார்த்தார், ஒவ்வொருவராகப் பார்த்தார், யார் மேல் தப்பு என்று பார்க்கிறவர் மாதிரி இல்லை. குக்கர் மூடியைக் கையில் பிடித்திருந்தார். வயலின்கள் மேலே போய்க்கொண்டிருந்தன, அவை எங்கே போய் முடியும் என்று நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"பிரமி," என்றார், சத்தம் போடாமல். "நீ வரவேணாம், கேளு. அரிசிக்கு எத்தனை விசில்னு மட்டும் யாராவது சொல்லிடுங்களேன்."